தாழி செய்தவர் எங்கே போனார்?

(விருத்தாசலத்தில் செராமிக் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தம்பி என் செல்பேசிக்கு ஒரு காணொளி அனுப்பினான். நான்கு பக்கமும் பலகைக் கற்கள், மேலே ஒரு பெரிய மூடுகல் வைத்த கல்திட்டை ஒன்றைக் காட்டுகிறார்கள். பின்னால் பயமுறுத்தும் இசை. "இத்தனை டன் கல்லை அந்தக் காலத்து மனிதனால் தூக்கியிருக்க முடியுமா? அப்படியானால் தூக்கியது யார்?" என்று ஒரு குரல் கேட்கிறது. அடுத்து வானத்தில் ஒரு தட்டு பறக்கிறது. தம்பி கீழே எழுதியிருந்தான்: "அண்ணா, இது உண்மையா?"

அன்று அவனுக்கு நான் பதில் எழுதவில்லை. இன்றைக்குப் பேசுவதுதான் பதில். அவன் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

முதலில் இந்தக் கற்கள் என்னவென்று பார்த்துவிடுவோம். பெருங்கற்காலச் சின்னங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வது பெரும்பாலும் செத்தவர்களுக்காக எழுப்பியவை. புதைத்த இடத்தைச் சுற்றிக் கல்லை வட்டமாக அடுக்கினால் கல்வட்டம். பலகைக் கற்களைத் தரைக்குமேல் நிறுத்தி மூடினால் கல்திட்டை. அதையே தரைக்கடியில் செய்தால் கல்பதுக்கை. ஒற்றைக் கல்லை நெட்டுக்குத்தாக நட்டால் குத்துக்கல். கல் அதிகம் கிடைக்காத ஆற்றங்கரைகளிலும் சமவெளிகளிலும் பெரிய மண்தாழியில் எலும்புகளையும், கூடவே சோறு வைக்கும் கலங்களையும், இரும்புக் கருவிகளையும் வைத்து மூடிப் புதைத்தார்கள். அதுதான் முதுமக்கள் தாழி.

இதைப் பார்க்க ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. நம் கடலூர் மாவட்டத்திலேயே பண்ருட்டிப் பக்கம் மருங்கூரில் தாழிகள் இருக்கின்றன. 2024 சூனில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. தெற்கே தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 114 ஏக்கர் பரப்பு, அத்தனையும் இடுகாடு. 1876இல் ஜாகர் என்ற செர்மானியர் வந்து தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். நூறு ஆண்டு கழித்து 2004இல் நடுவண் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. அந்த ஆய்வின் முழு அறிக்கை வெளிவர 15 ஆண்டுக்கு மேல் ஆனது, அதுவும் நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகுதான்.

அதே தூத்துக்குடி மாவட்டத்தின் சிவகளையில், தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலக்கணிப்பு வந்ததை 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 சனவரியில் வெளியான "இரும்பின் தொன்மை" அறிக்கை, தமிழ்நாட்டில் இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்துக்கே கொண்டுபோயிருக்கிறது. இந்தக் கணிப்புகளைப் பற்றி அறிஞர்கள் இன்னும் விவாதிப்பார்கள், விவாதிக்கட்டும். அறிவியல் அப்படித்தான் நடக்கும்.

இவற்றையெல்லாம் செய்தது யார் என்ற கேள்விக்கு இதுவரை என்னென்ன பதில் சொல்லியிருக்கிறார்கள்?

நம் ஊர்ப் பெரியவர்கள் பாண்டவர் குழி என்றார்கள், பாண்டவர் வீடு என்றார்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் வந்து தங்கினார்களாம். சில ஊர்களில் வாலியர் வீடு, குள்ளர் வீடு என்பார்கள். மூன்றடி உயரத்தில் ஒரு குள்ளர் கூட்டம் இருந்ததாம், அவர்கள் குடியிருந்த வீடாம். தாழிக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் கிழவர்களுக்குச் சாவே வராதாம். வயதாக ஆகச் சுருங்கி, பூனைக்குட்டி அளவு ஆகிவிடுவார்களாம். பார்த்துக்கொள்ள முடியாமல் தாழிக்குள் வைத்து, சோறும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். என் பாட்டி இதைச் சொல்லிவிட்டு, "என்னையும் அப்படி வெச்சிடுவியாடா?" என்று கேட்டுச் சிரிக்கும். அந்தப் பாட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1823இல் மலபாரின் "பாண்டு குழி"களைப் பற்றி பாபிங்டன் எழுதினார். அவருக்குப் பின் வந்த மெடோஸ் டெய்லர், தக்காணத்தின் கல்லறைகள் ஐரோப்பாவில் உள்ளவற்றைப் போலவே இருப்பதைப் பார்த்து, சிதியர், துரூயிதர் என்று அங்கத்திய பழங்குடிகளின் பெயரை இங்கே கொண்டுவந்து ஒட்டினார். கல்லறைக்குப் பக்கத்து வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவரின் முப்பாட்டன் இதைச் செய்திருக்கலாம் என்ற எண்ணம் எளிதில் வரவில்லை.

பிறகு கடலில் மூழ்கிய கண்டம் வந்தது. கடைசியாக இப்போது வேற்றுக்கிரகவாசி வந்திருக்கிறார்.

பட்டியலை மறுபடி பாருங்கள். பாண்டவர், குள்ளர், சிதியர், கண்டத்தோடு மூழ்கியவர்கள், வானத்திலிருந்து இறங்கியவர்கள். எல்லோரும் இருக்கிறார்கள். மண் பிசைந்தவர் இல்லை. கல் உடைத்தவர் இல்லை. இரும்பு உருக்கியவர் இல்லை.

இது நம் நாட்டில் மட்டும் நடக்கவில்லை. ஆப்பிரிக்காவில் மாபெரும் சிம்பாப்வே என்ற கல் நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லை அடுக்கிக் கட்டிய பிரமாண்டமான சுவர்கள். 1871இல் கார்ல் மௌக் என்ற செர்மானியர் அதைப் பார்த்தார். வாசலில் இருந்த மர உத்திரம் லெபனான் தேவதாரு மாதிரி மணக்கிறது, ஆகவே இது சேபா நாட்டு அரசியோடு தொடர்புடையது என்று முடிவு கட்டினார். அந்த மண்ணைப் பிடித்த வெள்ளைக் குடியேறிகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது. கறுப்பர்கள் கட்டவில்லை என்றால், நாட்டுக்கு அவர்கள் உரிமையாளர்களும் இல்லை அல்லவா? ரிச்சர்ட் ஹால் என்பவர் அங்கிருந்த ஆப்பிரிக்க மக்களின் வாழ்விட அடுக்குகளையே குப்பை என்று வாரிக் கொட்டினார். 1905இல் ராண்டல் மெக்ஐவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்ற பெண் ஆய்வாளரும் முறைப்படி ஆராய்ந்து, இதைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று சொன்னார்கள். அதற்குப் பிறகும் வெள்ளை அரசு அந்த உண்மையை ஏற்க மறுத்தது. 1980இல் விடுதலை பெற்ற மக்கள் தங்கள் நாட்டுக்கே சிம்பாப்வே என்று அந்த இடிபாட்டின் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். மிசிசிப்பி ஆற்றுப்பகுதியில் உள்ள பெரிய மண்மேடுகளை, செவ்விந்தியர்களுக்கு முன்பு வாழ்ந்து அழிந்த ஓர் இனம் கட்டியது என்றார்கள். 1830இல் அந்த மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து துரத்தச் சட்டம் போட்டபோது, குடியரசுத் தலைவர் ஜாக்சனின் உரையில் இந்த மறைந்த இனத்தின் கதையும் வந்தது. மேடுகளைக் கட்டியவர்கள் செவ்விந்தியர்களின் முன்னோர்களே என்று 1894இல் சைரஸ் தாமஸ் விரிவான அறிக்கையில் நிறுவினார். அதற்குள் நிலம் கைமாறிவிட்டது.

ஆகவே "தொலைந்துபோன நாகரிகம்" என்று யாராவது சொன்னால், அந்தக் கதையால் யாருக்கு என்ன கிடைக்கிறது, யாரிடமிருந்து எது போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதிக்கு வருகிறேன். நம் மேடைகளில் நாமே பேசும் குமரிக்கண்டம்.

1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளருக்கு ஒரு புதிர் இருந்தது. லெமூர் என்ற குரங்கு இனத்து விலங்கும் அதன் உறவினங்களும் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் எப்படி இருக்கின்றன? நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். பிறகு பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் எழுதிய நூலில் அந்த நிலத்தில் விசித்திரமான ஆதி மனிதர்களைக் குடியேற்றினார். அந்தச் சபையின் தலைமையகம் சென்னை அடையாறு. கடல்கோள் பற்றி நம் பழைய உரைகளில் இருந்த செய்திகளோடு இந்த வெள்ளைக்காரக் கண்டம் வந்து ஒட்டிக்கொண்டது. குமரிக்கண்டம் என்று பாடம் ஆனது, வரைபடம் ஆனது.

கண்டங்களே நகர்கின்றன என்ற அறிவு 1960களில் உறுதிப்பட்டதும், லெமூருக்குப் பாலம் போடும் தேவை விலங்கியலில் இல்லாமல் போனது. பனியுகம் முடிந்தபின் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்தது உண்மை. நம் கடற்கரையோரம் நிலம் மூழ்கியதும் உண்மை. ஆனால் மடகாஸ்கர் வரை ஒரு கண்டம் இந்தியப் பெருங்கடலின் அடியில் இல்லை.

இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். வடமொழிப் பெருமைக்கு எதிராக நமக்கும் ஒரு பெருமை வேண்டாமா என்பார்கள். அந்த ஏக்கம் எனக்கும் புரிகிறது. இந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுன்றம், பழமலை என்றிருந்ததைத்தான் விருத்தாசலம் என்று வடமொழியில் பெயர்த்து நம் தலையில் வைத்தார்கள். பெயரைப் பறிகொடுத்தவனுக்குப் பழம்பெருமை மருந்து மாதிரி இருக்கும். ஆனால் குமரிக்கண்டத்துக் கதையில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். மன்னர்கள் வருகிறார்கள், புலவர்கள் வருகிறார்கள், சங்கம் வருகிறது. அங்கே சட்டி பானை செய்தது யார்? பிணத்தைத் தூக்கியது யார்? அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பார்ப்பனியம் எழுதிய புராணத்தில் நமக்கு இடமில்லை என்று சொல்லி வெளியே வந்துவிட்டு, நாமே எழுதும் புராணத்திலும் உழைத்தவனுக்கு இடம் கொடுக்காமல் விட்டால் என்ன மாறியது?

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். தூக்கியது யார்?

மேகாலயாவின் காசி மக்களும், நாகர்களும், பஸ்தர் பழங்குடிகளும் இருபதாம் நூற்றாண்டிலும் பெருங்கற்களை நட்டிருக்கிறார்கள். நாகர்கள் கவட்டை மரத்தில் சறுக்குவண்டி செய்து, கல்லை அதில் கட்டி, ஊரே கூடிக் கொடிக்கயிற்றால் இழுத்துப் போவதை எழுதியும் படம்பிடித்தும் வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கைகள், நெம்புகோல், மண்சரிவு, சேர்ந்து குரல் கொடுக்க ஒரு பாட்டு, முடிந்ததும் எல்லோருக்கும் சோறு. இவ்வளவுதான் ரகசியம். கல்லை ஒரே நாளில் தலைக்குமேல் தூக்கவேண்டியதில்லை. மண்ணைச் சரிவாகக் கொட்டி இழுத்து ஏற்றினால் போதும். நம் ஊரில் தேர் இழுத்தவர்களுக்கும், பாரவண்டி சேற்றில் மாட்டினால் கடப்பாரை போட்டு நெம்பியவர்களுக்கும் இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

தாழிக்கு வருகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். என் அம்மா இந்தச் செராமிக் பேட்டையில் 20 ஆண்டுக்கு மேல் பொம்மைக்கு பினிஷிங் பார்த்தவர். பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி, அச்சு தண்ணீரை உறிஞ்சியதும் மிச்சக் கூழைக் கவிழ்த்து எடுப்பார்கள். பொம்மையில் அச்சின் இணைப்புக் கோடு ஓடும். அம்மா அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைப்பார். கோடு சரியாகப் போகவில்லை என்றால் சூளையில் அந்த இடத்தில்தான் வெடிக்கும். வெடித்த பொம்மைக்குக் கூலி கிடையாது. சூளையில் எவ்வளவு சூடு, எந்த இடத்தில் காற்று, ஆறுவதற்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

மார்பளவு உயரமுள்ள தாழியைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் வனைந்து எடுக்க முடியாது. பகுதி பகுதியாகக் கட்டி உயர்த்த வேண்டும். கீழே கட்டியது கொஞ்சம் இறுகிய பிறகுதான் மேலே கட்ட முடியும். அவசரப்பட்டால் சரியும், தாமதித்தால் ஒட்டாது. உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை இறுக்க வேண்டும். காய்வதில் வெடிப்பு விடாமல் இருக்க மண்ணோடு எதை, எவ்வளவு கலப்பது என்று தெரிய வேண்டும். அய்யனார் கோயில் மண்குதிரை செய்யும் வேளாரிடம் போய்க் கேளுங்கள், இதே வேலையைத்தான் சொல்வார்.

தாழியோடு கிடைக்கும் கிண்ணங்கள் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ஒரே மண், ஒரே தீ, இரண்டு நிறம். கலத்தைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டால் உள்பக்கத்துக்கும் வாய்ப்பக்கத்துக்கும் காற்றுப் போகாமல் கறுக்கும், வெளிப்பக்கம் காற்றுப் பட்டுச் சிவக்கும் என்று விளக்குகிறார்கள். நம் செராமிக் பாடத்தில் ஆக்சிகரணம், ஒடுக்கம் என்று தேர்வுக்குப் படிக்கிறோமே, அதை 3,000 ஆண்டுக்கு முன்பே ஒருவர் கையால் செய்து, பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் இன்னொருவர் கல்லிலிருந்து இரும்பைப் பிரித்து வாளும் மண்வெட்டியும் அடித்திருக்கிறார். கொஞ்ச காலம் கழித்து மண்கலத்திலேயே பெயரெழுதி வைத்தார்கள். கீழடியில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் பானை ஓட்டில் கிடைத்தன. எழுத்து அரண்மனைக் கல்லில் மட்டும் இருக்கவில்லை, அடுப்படிப் பானையிலும் இருந்தது.

புறநானூற்றில் இரண்டு பாடல்கள் குயவரைப் பார்த்துப் பேசுகின்றன. 228ஆம் பாட்டில் சோழன் செத்துப்போகிறான், அவனுக்கேற்ற பெரிய தாழியை உன்னால் வனைய முடியுமா என்று புலவர் குயவரைக் கேட்கிறார். 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடம் வருமாறு அகலமாகத் தாழி செய்யும்படி குயவரிடம் சொல்கிறாள். சாவு என்று வந்தால் அரசனுக்கும் வழிப்போக்கப் பெண்ணுக்கும் போய் நிற்கவேண்டிய இடம் குயவரின் சூளையடி. வேட்கோ என்று அவரை அழைத்தார்கள்.

அந்த வேட்கோ எங்கே போனார்? கடலில் மூழ்கவில்லை, தோழர்களே. வேற்றுக்கிரகத்துக்கும் போகவில்லை. இங்கேதான் இருக்கிறார். அவரை மதிக்கும் இடத்திலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். மண் தொட்டவன் கை அழுக்கு, பிணம் தொட்டவன் கை தீட்டு, தோல் தொட்டவன் கை தீண்டாமை என்று சட்டம் எழுதினார்கள். செம்பைக் கழுவினால் தீட்டு போகும், மண்பானைக்குத் தீட்டு பட்டால் உடைக்க வேண்டும் என்று பாத்திரத்துக்குக்கூடச் சாதி பிரித்தார்கள். இன்றும் சாவு வீட்டில் கொள்ளிக்குடம் இல்லாமல் பிணம் நகராது. அந்தக் குடத்தைச் செய்தவருக்கும், குழி வெட்டுபவருக்கும், பறையடிப்பவருக்கும் அந்த வீட்டுக்குள் என்ன இடம் என்று உங்களுக்கே தெரியும். நம் நாட்டில் நாகரிகம் தொலையவில்லை. அதைச் செய்தவர்களை வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிட்டு, "யார் செய்தது என்றே தெரியவில்லை, மர்மம்" என்று நடிக்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்யக் கூடாது. தாழி காலத்தில் சாதியே இல்லை, எல்லோரும் சமம் என்று கைதட்டல் வாங்கலாம். அதைத் தாழியை வைத்து நிரூபிக்க முடியாது. ஆதிச்சநல்லூரில் சில தாழிகளில் தங்கத்தாலான நெற்றிப்பட்டம் இருந்தது, பலவற்றில் இல்லை. பெரிய மூடுகல் போட்ட கல்லறை எல்லோருக்கும் கிடைத்திருக்காது. இருந்தவர், இல்லாதவர் வேறுபாடு அன்றும் இருந்திருக்கிறது. பிறப்பால் தொழிலும், தொழிலால் தீட்டும் என்ற பூட்டு எப்போது முழுமையாக விழுந்தது என்பதைக் கல்வெட்டும் இலக்கியமும் கூட வைத்துப் படிக்க வேண்டும். நமக்கு ஒரு பொற்காலம் தேவையில்லை. சமத்துவம் வேண்டும் என்று கேட்பதற்குக் கி.மு. சான்றிதழ் எதற்கு? ஆதிச்சநல்லூர் இல்லாமல் போயிருந்தாலும் நமக்குச் சமமாக வாழ உரிமை உண்டு.

இப்போது பாட்டி கதை.

என் பாட்டி இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. எங்கள் ஊரில் காலனிக்குத் தனிச் சுடுகாடு, ஊருக்குத் தனிச் சுடுகாடு. எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது, வயல் வரப்பில்தான் போக வேண்டும். அன்று வயலில் நடவு முடிந்திருந்தது. வயல்காரர் வரப்பில் பாடையைக் கொண்டுபோகக் கூடாது என்று வந்து நின்றார். அப்பாவும் சித்தப்பாவும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் நகரவில்லை. கடைசியில் வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் பாட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன், அணைந்துவிடக் கூடாதே என்ற பயம் மட்டும்தான் எனக்கு. தாழிக்குள் வைத்துவிடுவாயா என்று கேட்டுச் சிரித்த பாட்டி அது.

இது பழைய கதை என்று யாராவது நினைத்தால், 2019 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். நாடே அந்தக் காணொளியைப் பார்த்தது. சாதி வேறுபாடில்லாத பொது மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் செத்தவரை ஒரே இடத்தில் புதைப்பதற்குப் பரிசு கொடுக்கவேண்டிய நிலையில் இருக்கிறோம் என்பதை அந்த அறிவிப்பே சொல்கிறது.

இந்த ஊரைக் "காசிக்கு வீசம் அதிகம்" என்பார்கள். இங்கே செத்தால் முத்தி, அம்மன் முந்தானையால் விசிறுவாள், சாமி காதில் மந்திரம் ஓதும் என்று தலபுராணம். அதே விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், புதுக்கூரைப்பேட்டையில், 2003 சூலை 8 அன்று கண்ணகியையும் முருகேசனையும் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய், காதிலும் மூக்கிலும் நஞ்சை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். சாதி மாறிக் காதலித்து மணந்தது மட்டுமே அவர்கள் செய்தது. 18 ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில், கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் காவல்துறையினரும் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தக் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தது. தனக்கும் இடம் வருமாறு தாழியை அகலமாகச் செய்யச் சொன்ன பெண்ணை இலக்கியத்தில் வைத்துப் போற்றுகிற நாடு இது. சேர்ந்து வாழ நினைத்த இரண்டு பேருக்கு அது கொடுத்த இடம் எது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

இதனால்தான் கேட்கிறேன். கீழடி என்றதும் மார்தட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான். 982 பக்க அறிக்கையை 2023 சனவரியில் கொடுத்தபின், 2025 மேயில் திருத்தி எழுது என்று டெல்லி திருப்பி அனுப்பினால் எதிர்த்து நிற்க வேண்டியதுதான். ஆனால் மார்தட்டுகிற அதே கையால் நம் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையை அடைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பெருமைக்கு என்ன பொருள்? மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய எலும்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறவர், நேற்று செத்தவரின் உடலை வரப்பில் விடமாட்டேன் என்கிறார்.

செய்ய வேண்டியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, நம் மாவட்டத்தில் உள்ள தாழிக்காடுகளையும் கல்வட்டங்களையும் காப்பாற்ற வேண்டும். கல்குவாரியும் மனைப்பிரிவும் தின்றுகொண்டிருக்கின்றன. நிலத்தை உழும்போது பானை விளிம்பு வட்டமாகத் தெரிந்தால் உடைக்காமல் வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். புதையல் இருக்காது, எலும்பும் நெல்லும்தான் இருக்கும்.

இரண்டு, அகழாய்வுக் குழியில் கூடை சுமக்கும், மண் சலிக்கும் ஊர்ப் பெண்களின் பெயர்கள் அறிக்கையில் வர வேண்டும். தாழி செய்தவர் பெயர் தெரியாமல் போனது போதும், தோண்டியவர் பெயராவது பதிவாகட்டும்.

மூன்று, செராமிக் தொழிலாளர்களுக்கு. பேட்டையில் பறக்கும் வெள்ளைத் தூசி நுரையீரலில் போய்ப் படிகிறது. சிலிகோசிஸ் என்று அதற்குப் பெயர். முகக்கவசம், மருத்துவப் பரிசோதனை, தீபாவளி, கார்த்திகை சீசன் போனாலும் குறையாத கூலி. இவை இல்லாமல் "மூவாயிரம் ஆண்டு மண்பாண்ட மரபு" என்று மேடையில் பேசுவதை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

நான்கு, ஒவ்வோர் ஊரிலும் ஒரே மயானம், அதற்கு ஒரே பாதை. இதற்கு ஊராட்சியில் மனு கொடுப்பதை இந்த வாசிப்பு வட்டத்தின் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

தம்பி, உனக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருங்கூருக்குப் போவோம். பேருந்துச் செலவு என்னுடையது. அங்கே பானை ஓட்டைப் பார்த்தால் கையில் எடுக்காதே, குனிந்து பார். தட்டிய பலகையின் தடம் சிலவற்றில் தெரியும், விரல் இழுத்த கோடுகூடத் தெரியலாம். உன் அம்மா பேட்டையில் என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருடைய விரல் தடமும் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, அந்தக் காணொளியை அனுப்பியவனுக்கு நீயே பதில் எழுது.